விசிட்டிங் கார்டு ஆப்பும் தமிழ்ப் பெயர்களும்

டிஜிட்டல் விசிட்டிங் கார்டு ஆப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கார்டை வாங்குகிறவர் எந்த ஆப்பையும் இறக்கும்படி இருக்கக் கூடாது, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோவை கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் முன்னால் நிற்கிறவரிடம் "முதல்ல இதை இன்ஸ்டால் பண்ணுங்க சார்" என்றால் அவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். க்யூஆர் கோடுக்குள் விகார்டு (பெயர், எண் போன்ற தொடர்பு விவரங்களை எழுதும் பொதுவான கோப்பு முறை) வடிவில் விவரங்களை வைத்தால் போதும், போன் கேமராவே படித்து கான்டாக்ட்ஸில் சேர்க்கவா என்று கேட்கும், நெட் கூட வேண்டாம்.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முருகன் என்ற பெயர் ஆங்கிலத்தில் 7 பைட், தமிழில் 21. பதவி, முகவரி எல்லாம் தமிழில் சேர்த்தால் க்யூஆர் கோடின் கட்டங்கள் பொடிப்பொடியாகி, பழைய போன் கேமரா திணறும். அதனால் க்யூஆருக்குள் பெயர், எண், மின்னஞ்சல், ஒரு லிங்க் மட்டும், மற்றதெல்லாம் லிங்க்கில்.

அப்புறம் இனிஷியல். விகார்டு 3.0 குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்துக் கேட்கிறது, நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? 2011-இல் வந்த 4.0-இல் அந்தப் பிரிவு கட்டாயமில்லை. நான் "பெயர்" என்று ஒரே கட்டம்தான் வைத்திருக்கிறேன், இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது அவரவர் இஷ்டம்.