லெ ஷம்போன்: ஒரு மலைக் கிராமம் ஒளிச்சு வச்ச பிள்ளைங்க

லெ ஷம்போன்-சுர்-லின்யோன், பிரான்ஸோட ஓத்-லுவார் பகுதியில கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்துல இருக்கிற சின்ன ஊரு. செயின்ட் எத்தியென் பக்கம் இருந்து ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, ரெண்டு பக்கமும் பைன் காடு, நடுவுல அங்கங்க கருங்கல் பண்ணை வீடு, அவ்ளோதான்.

ஊருல நான் ரொம்ப நேரம் நின்ன இடம் புராட்டஸ்டன்ட் கோயில் வாசல். அலங்காரமே இல்லாத கருங்கல் சுவரு, கதவுக்கு மேல "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்"னு பிரெஞ்சுல செதுக்கியிருக்காங்க. 1940 ஜூன் 23, பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட சரணடைஞ்சு கையெழுத்துப் போட்ட மறுநாள், இங்கதான் ஆந்த்ரே ட்ரோக்மே, எதுவார் தெய்ஸ்னு ரெண்டு பாதிரியாரும், மனசாட்சிக்கு விரோதமா யார் சொன்னாலும் கேக்காதீங்க, ஆயுதம் எடுக்காம எதிர்த்து நில்லுங்கன்னு ஜனங்ககிட்ட சொன்னாங்க.

ஜனங்களுக்கு அது புதுசு இல்ல. 1685ல பதினாலாம் லூயி புராட்டஸ்டன்ட் வழிபாட்டையே தடை பண்ணப்போ இவங்க முன்னோர் காட்டுக்குள்ள ஒளிஞ்சு ஜெபம் பண்ணவங்க, போதகர்களைத் தூக்குல போட்டதப் பாத்தவங்க. அந்த ஞாபகம் வீட்டுக்கு வீடு தலைமுறையா இருந்துச்சு, அதனாலதான் ஹிட்லர் ஆளுங்ககிட்ட இருந்து தப்பிச்சு யூதக் குடும்பங்க மலையேறி வந்தப்போ யாரும் யோசிச்சுக்கிட்டு நிக்கலன்னு நான் நெனக்கிறேன். பண்ணையில, பள்ளிக்கூட விடுதியில, குழந்தைங்க இல்லத்துலன்னு சுத்துப்பட்டு கிராமங்க எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான பேர ஒளிச்சு வச்சாங்க, கள்ள அடையாள அட்டையும் ரேஷன் கார்டும் தயார் பண்ணாங்க, சில பேர சுவிட்சர்லாந்து எல்லை வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டாங்க.

1942 ஆகஸ்ட்ல பிரெஞ்சு போலீஸே பஸ்ஸோட வந்து யூதங்க லிஸ்ட் குடுன்னு கேட்டுச்சு, ட்ரோக்மே முடியாதுன்னுட்டார். பிள்ளைங்க காட்டுக்குள்ள, போலீஸ் கிட்டத்தட்ட வெறும் பஸ்ஸோட திரும்பிச்சு.

எனக்கு மனசுல ஒட்டிக்கிட்டது அவரு மனைவி மக்டா. 1943 பிப்ரவரியில புருஷன அரெஸ்ட் பண்ண வந்த போலீஸ்காரங்களையும் ராத்திரி சாப்பாட்டு வேளைன்னு உக்கார வச்சு சாப்பிடச் சொன்னாங்களாம்! சேதி பரவி ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரா சார்டின் டப்பா, மெழுகுவத்தின்னு கையில கெடச்சத எடுத்துட்டு வந்து ட்ரோக்மேகிட்ட குடுத்துட்டுப் போனாங்க. வீட்டுல எதுவுமே தாராளமா கெடைக்காத ரேஷன் காலம் அது.

எல்லாரையும் காப்பாத்த முடியல. அதே வருஷம் ஜூன் 29 அன்னைக்கு 'மெசோன் தே ரோஷ்' விடுதியில ஹிட்லரோட ரகசியப் போலீஸான கெஸ்டபோ புகுந்து மாணவர்களப் பிடிச்சுது. பொறுப்பாளர் தானியேல் ட்ரோக்மே, பாதிரியாருக்கு உறவுக்காரர், அப்போ வேற வீட்டுல இருந்தார், ஓடியிருக்கலாம், ஆனா என் பசங்க அங்க இருக்காங்கன்னு நேரா அங்க போனார். 1944ல மைதானெக்ங்கிற நாஜி வதை முகாம்ல செத்துப்போனார். இத மியூசியத்துல படிச்சப்போ என்னால அடுத்த பலகைக்குப் போக முடியல.

1990ல, யூதப் படுகொலைய நினைவுகூர்ற இஸ்ரேல் அமைப்பான யாத் வாஷெம் ஊருக்கே மொத்தமா மரியாதை பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல, சின்னப் பையனா இங்க அடைக்கலம் புகுந்த ஒரு ஆஸ்திரியாக்காரர் 90 வயசுல காலமானப்போ பெரிய சொத்த இந்த ஊருக்கே எழுதி வச்சிட்டுப் போயிருக்கார், பிள்ளைங்க படிப்புக்குச் செலவு பண்ணுங்கன்னு. கோயிலுக்கு எதிர்லயே மியூசியம் இருக்கு, 2013ல தொறந்தது, தொறந்திருக்கிற நாளப் பாத்துட்டுப் போங்க, குறைஞ்சது அரை நாளாவது ஒதுக்குங்க.