சனிக்கிழமைச் சம்பளமும் மூன்று கோலும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. எங்கள் லேத் பட்டறையில் வாரச் சம்பள நாள். ஆறு மணிக்கு முன்னால் கவர் யார் கைக்கும் போகாது. அன்றைக்கு மூன்று மணிக்கே மிஷின் சத்தம் குறைந்துவிட்டது. "ஏனுங்ணா, இன்னிக்கு ஒரு நாள் நேரத்துல உட்ருங்க" என்றான் ஹெல்பர் பையன். திங்கட்கிழமை டெலிவரி போக வேண்டிய பம்ப் ஷாஃப்ட் நாற்பது டர்னிங் முடியாமல் கிடந்தன. ஃபோர்மேனாக நான் அதட்டியிருக்க வேண்டும். பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கால்பந்து அணியின் சீசன் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இந்திய கிளப்புகள் மோதும் ஐ-லீக் கோப்பை. ஒரே புள்ளி பின்தங்கி கொல்கத்தா அணி ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடுகிறது.

பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பெட்ரோ மான்சி, நெஸ்டர் என்று முன்வரிசையில் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். இதில் நம்மூர் எங்கே இருக்கிறது என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜெயித்ததால் கோவை ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தைய சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். காலியாகக் கிடந்த கேலரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கடலை கொறித்தபடி அந்தத் தோல்விகளைப் பார்த்திருக்கிறோம். தோற்கும்போது கூட உட்கார்ந்திருந்தவனுக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது, மாமன் மச்சானைத் திட்டுகிற உரிமை மாதிரி. அடுத்த சீசனில் அவர்கள் அவசரமில்லாமல் சின்னச் சின்ன பாஸாக நகர்த்த ஆரம்பித்தபோது, "பந்த சக்குல மாட்டி வெச்ச மாதிரி புடிக்கறாங்கண்ணா" என்றான் பையன். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிப்பது சக். பட்டறைக்காரனுக்கு அதைவிட நல்ல வர்ணனை கிடையாது.

அன்றைக்கு நாங்கள் கேலரியில் ஏறி இடம் பிடிப்பதற்குள் எதிரணி மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. நடப்புச் சாம்பியன் அவர்கள்தான். இடைவேளை வரை 0-1. பக்கத்தில் ஒரு பெரியவர் கோழிக்கோடு ஸ்கோரைப் போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாதியில் பெனால்டி, மான்சி அடித்தார். அதற்கப்புறம் கௌரவ் போரா. கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை, தடுப்பாட்டக்காரர். அவர் ஒன்று அடித்து, தொண்ணூறு நிமிடத்துக்குப் பிந்தைய கூடுதல் நிமிடங்களில் இன்னொன்றும் அடித்தார். 3-1. பெரியவர் போனைக் கீழே போட்டதுகூடத் தெரியாமல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. 43 புள்ளி, 42 புள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே எல்லோரும் வந்து ஷாஃப்டுகளை முடித்தார்கள். யாருக்கும் தொண்டையில் குரல் இல்லை. கவனமும் இல்லை போலிருக்கிறது. பதினொரு ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்தில் சைஸ் குறைந்து திரும்பி வந்தன. முதலாளியிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த கிளப் கோவையில் நிலைக்கவில்லை. 2020இல் ஆசிய கிளப் போட்டியின் சொந்த மண் ஆட்டத்தையே அகமதாபாத்தில் ஆடினார்கள். 2021-22 ஐ-லீக்கில் அணியே இல்லை. பட்டறையில் கால்பந்துப் பேச்சும் குறைந்துபோனது.

திரும்பி வந்த பதினொன்றில் பத்து, பழைய இரும்புக்குப் போனது. மிச்சமான ஒன்று என் மேஜையில் பில் பறக்காமல் இருக்க வைத்திருப்பது. அதன் முனையில் நம்பர் பஞ்ச் வைத்து யாரோ '3 1' என்று அடித்திருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.