கால் எடுத்த பிறகும் எரிந்த விளக்கு: வீட்டிலேயே ஒரு டான்ஸ் பேட்

வீடியோ கேமுக்காகக் காலால் அம்புகளை மிதித்து ஆடுகிற, பாய் மாதிரி சுருட்டி வைக்கிற டான்ஸ் பேடில்தான் நானும் தம்பியும் இரண்டு வருடம் ஆடினோம். மூன்றாவது பாட்டு வருவதற்குள் அது நழுவி நழுவிச் சுவரோரம் போய்விடும். நாலு மூலையிலும் டேப் ஒட்டிப் பார்த்தோம். டேப் தரையோடு நின்றது, பேட் மட்டும் கிளம்பிப் போனது. ஒரு நாள் இடது அம்பு அடியோடு படுத்துவிட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின் மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய ஸ்பாஞ்ச். மிதித்தால் ஓட்டை வழியாக இரண்டு தாளும் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. "இதை நாமே செய்துவிடலாமே" என்று தோன்றியது அப்போதுதான். ஒரு வார வேலை என்று கணக்குப் போட்டேன். நாலு மாதம் ஆயிற்று.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1998இல் கொனாமி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்தான் இதைப் பரவலாக்கியது. திரையில் அம்புகள் பாட்டோடு சேர்ந்து மேலே ஏறி வரும். ஓர் அம்பு மேலே அசையாமல் நிற்கும் அம்புக் குறியைத் தொடும் நொடியில் காலடியில் இருக்கும் அதே அம்பை மிதிக்க வேண்டும். இடது, வலது, முன், பின் என்று நாலு கட்டம். கொரியாவின் பம்ப் இட் அப் ஆட்டத்தில் நாலு மூலையும் நடுவும் சேர்த்து ஐந்து கட்டம். நான் செய்தது நாலு கட்டத்துக்கான பேட். வீட்டில் ஆடுவது ஸ்டெப்மேனியா என்ற இலவச மென்பொருளில்.

முதல் முயற்சி அட்டைப்பெட்டியும் பழைய கீபோர்டும். மிதித்தால் கீபோர்டில் ஓர் எழுத்து அழுந்தியதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும் என்பது திட்டம். அட்டையில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, சுற்றிலும் ஸ்பாஞ்ச் பட்டை வைத்து, மேலே இன்னொரு ஃபாயில் அட்டையைக் கவிழ்த்தேன். கீபோர்டைப் பிரித்தால் உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, அதன் ஓரத்தில் வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். எந்த இரண்டு பட்டையை இணைத்தால் எந்த எழுத்து விழுகிறது என்று ஒயர் துண்டை வைத்துத் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொண்டேன். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. பிறகு ஒயரை ஒட்ட சால்டர் (உருக்கிய ஈயம்) வைக்கப் போனால், அது முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடுகிறது. அந்தக் கறுப்பு, கார்பன் பூச்சாம். அதில் சால்டர் பிடிக்காது. சரி, மறுமுனையையாவது முடிப்போம் என்று ஃபாயிலுக்கு வந்தால், அலுமினியத்திலும் சாதாரண சால்டர் ஒட்டாது. இரண்டு முனையிலும் ஒட்டாத பொருளாகத் தேடிப் பிடித்த பெருமை எனக்கு. ஒயரை உரித்து, இழைகளை விரித்து, ஃபாயிலோடு மடித்து டேப் போட்டு ஒருவழியாக ஓட்டினேன். ஒரு பாட்டு முழுசாக ஆடினோம். இரண்டாவது பாட்டில் ஃபாயில் கிழிந்தது.

அட்டையை வைத்துக் கற்றுக்கொண்டது போதும் என்று கீபோர்டு போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன போர்டான ஆர்டுயினோ லியோனார்டோ வாங்கினேன். அதிலுள்ள சிப் கம்ப்யூட்டரிடம் நேராக "நான் ஒரு கீபோர்டு" என்றோ "ஜாய்ஸ்டிக்" என்றோ சொல்லிக்கொள்ளும். எல்லாரிடமும் இருக்கிற ஆர்டுயினோ ஊனோ போர்டில் இது அப்படி நேராக நடக்காது. கையில் பிடித்து ஆடும் பழைய கேம்பேடைப் பிரித்துச் செய்கிறவர்களும் உண்டு. செய்தால் திசை விசைகளில் கை வைக்காதீர்கள், மற்ற பொத்தான்களில் இணையுங்கள். பல கேம்பேடுகளுக்கு இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தும் என்ற எண்ணமே கிடையாது. இந்த ஆட்டத்தில் அது பாட்டுக்குப் பத்து முறை வரும்.

அப்புறம் பிளைவுட். கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 செ.மீ. சதுரம். மூன்றுக்கு மூன்று என்றால் 84 செ.மீ. அடிப்பலகை 18 மி.மீ. தடிமன். நாலு மூலையும் நடுவும் அசையாத கட்டங்கள், அவற்றை ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டேன். மிதிக்கிற நாலு கட்டங்களைப் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி விட்டு அறுத்தேன். மேலே பாலிகார்பனேட் தகடு. அக்ரிலிக் போடலாமா என்று யோசித்தேன், ஆனால் அது அடி தாங்காமல் விரிசல் விடும், விரிசலில் கால் கிழியும். கட்டங்களுக்கு அடியில் இந்த முறை ஃபாயிலுக்குப் பதில் தாமிர டேப். அதில் சால்டர் அருமையாகப் பிடிக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. டேப்பின் பசை பல சமயம் மின்சாரம் கடத்தாது. ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை ஒட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன். இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் மல்டிமீட்டர் பாதி இடங்களில் மௌனம். எல்லா இணைப்பிலும் ஒரு சொட்டு ஈயம் வைத்த பிறகுதான் பேசியது.

ஆறாவது வாரம் பேட் தயார். ஏறி நின்றால் அசையவில்லை, நழுவவில்லை. மெதுவான பாட்டுகளெல்லாம் பிரமாதமாக வந்தன. வேகமான பாட்டு போட்டதும் சிக்கல் ஆரம்பித்தது. ஒரே அம்பை அடுத்தடுத்து இரண்டு முறை மிதிக்கச் சொல்லும் இடங்களில் இரண்டாவது மிதி விழவே இல்லை. எனக்கு வேகம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், இரண்டு நாள் பயிற்சி கூட எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்த தம்பிதான் சொன்னான்: "அக்கா, நீ காலை எடுத்துட்ட. லைட்டு இன்னும் எரியுது."

மிதி பதிவாகும்போது எரியட்டும் என்று போர்டில் ஒரு சின்ன எல்இடி வைத்திருந்தேன். செல்போனைத் தரையோடு தரையாக வைத்து, ஸ்லோ மோஷனில் என் காலையும் விளக்கையும் சேர்த்துப் படம் எடுத்தோம். நொடிக்கு 240 பிரேம், ஆக ஒரு பிரேமுக்கு 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினான் தம்பி. கால் பட்டதிலிருந்து விளக்கு எரிய ஒரு முறை 5 பிரேம், இன்னொரு முறை 19 பிரேம், அடுத்த முறை 11. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. காலைத் தூக்கிய பிறகு விளக்கு அணைவது அதைவிட மோசம்.

முதல் குற்றவாளி நான் எழுதிய நிரல். உலோகம் உலோகத்தைத் தொடும்போது சுத்தமாக ஒரே முறை தொடாது, சில மில்லிசெகண்டுக்குத் துள்ளித் துள்ளித்தான் நிலைக்கும். அதை வடிகட்ட ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டு 20 மில்லிசெகண்ட் காத்திரு என்று எழுதியிருந்தேன். நாலு கட்டத்துக்கும் தனித்தனியாக. ஒரு சுற்று முடிய 80 மில்லிசெகண்ட்! ஸ்டெப்மேனியாவில் மிக உயர்ந்த மதிப்பெண் கிடைக்க, இயல்பான அமைப்பில் முன்னே பின்னே 22.5 மில்லிசெகண்டுக்குள் மிதித்திருக்க வேண்டும். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்றால் ஆட்டத்தின் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றிச் சரிக்கட்டலாம். இது என் கால் எந்த நேரத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வருகிறது, சரிக்கட்ட வழியே இல்லை. காத்திருப்பதை மொத்தமாக எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். முதல் தொடுதலை உடனே அனுப்பு, அதன் பிறகு 10 மில்லிசெகண்டுக்கு அந்தக் கட்டத்தில் வரும் மாற்றங்களை மட்டும் கண்டுகொள்ளாதே. மறுபடி படம் எடுத்தோம். மிதித்ததும் 2 அல்லது 3 பிரேமில் விளக்கு வந்தது.

அணைவதற்கு? 22 பிரேம். அதாவது 90 மில்லிசெகண்டுக்கு மேல்.

நிமிடத்துக்கு 150 தாளம் உள்ள பாட்டில் ஒரு தாளத்தை நாலாக வெட்டினால் ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே 100 மில்லிசெகண்ட்தான். காலைத் தூக்கி 90 மில்லிசெகண்ட் வரை கட்டம் விடவில்லை என்றால், அடுத்த மிதி வரும்போது அது இன்னும் பழைய மிதியிலேயே இருக்கிறது. பேட் செய்கிற எல்லாருமே மிதிப்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். நானும் ஆறு வாரம் அதைப் பற்றியே யோசித்தேன். விடுவதைப் பற்றி ஒரு நிமிடம் கூட நினைக்கவில்லை.

காரணம் ஸ்பாஞ்ச் பட்டை. புதிதாக இருந்தபோது நன்றாக எழும்பியது. இரண்டு வாரம் மிதி வாங்கியதும் சோம்பேறியாகிவிட்டது. தடிமனான பட்டை போட்டேன். சட்டென்று விட்டது, ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் கல் உடைப்பதுபோல் மிதிக்க வேண்டியிருந்தது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ரப்பர் துண்டு, இரண்டு வகை ஃபோம், பட்டைக்குப் பதில் மூலையில் மட்டும் சிறு திண்டு என்று என்னென்னவோ செய்தேன். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. தொட்டதா தொடவில்லையா என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஸ்விட்ச்சில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த முயற்சி அழுத்த உணரிகள். எஃப்எஸ்ஆர் என்பார்கள். மெல்லிய பட்டை, அழுத்த அழுத்த அதன் மின்தடை குறையும். எவ்வளவு அழுத்தம் என்று 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக லியோனார்டோ படித்துச் சொல்லும். ஒரு கட்டத்துக்கு நாலு, மொத்தம் பதினாறு. போர்டில் இப்படிப் படிக்கும் முனைகள் பன்னிரண்டுதான், ஆகவே ஒரு கட்டத்தின் நாலையும் பக்க இணைப்பாகச் சேர்த்து ஒரே முனைக்குக் கொண்டுவந்தேன். (இந்தச் சோம்பேறித்தனத்துக்கு இப்போது அனுபவிக்கிறேன். பின்னால் வருகிறது.)

உணரியோடு சேர்த்துப் போடும் ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, முதலில் 10 கிலோ ஓம். காலைச் சும்மா வைத்தாலே 950, ஓங்கி மிதித்தால் 1000. மனித எடைக்கு முன்னால் எல்லாமே உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 1 கிலோ ஓமுக்கு மாற்றியதும் எண்கள் விரிந்தன: காலியாக இருக்கும்போது 140, கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் 230, மிதித்தால் 600க்கு மேல். இப்போதுதான் விளையாட இடம் கிடைத்தது. 320ஐத் தாண்டினால் மிதி, 270க்குக் கீழே இறங்கினால் விட்டாச்சு. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் காலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய நீள அம்புகளில், கால் சற்று ஆடினாலும் பிடி விட்டுப் போகும். நடுவில் அந்த 50 இருப்பதால் கால் நடுங்கலாம், பிடி விடாது.

ஸ்லோ மோஷன் படம். தம்பி எண்ணினான். அணைய 3 பிரேம். இருவரும் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

அவன் ஏறி ஆடியதும் அடுத்த புகார். "உனக்கு மட்டும்தான் வேலை செய்யுது. நான் குதிச்சாலும் விழலையே?" எண்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒல்லிப் பையன், அவன் ஓரத்தில் மிதிக்கும்போது 290க்கு மேல் போகவில்லை. அவனுக்கென்று தனி எண்கள் எழுதி, பேடின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். ஒரு பக்கம் "அக்கா", மறுபக்கம் "தம்பி" என்று ஸ்டிக்கர். அவன் பக்கத்து ஸ்டிக்கரில் இரண்டே நாளில் "சாம்பியன்" என்று திருத்தி எழுதப்பட்டிருந்தது.

பிளைவுட் தன் பங்குக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. காற்றில் ஈரம் கூடிய ஒரு வாரம் பின் அம்பு மறுபடியும் விடாமல் பிடித்துக்கொண்டது. நிரலைப் பார்த்தேன், உணரியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் கட்டத்தை நெம்பினால் வரவே மாட்டேன் என்கிறது. மரம் ஊதி, பக்கத்துக் கட்டத்தோடு உரசிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டு நாலு பக்கமும் இன்னொரு மி.மீ. தேய்த்து, ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கீழ் வீட்டுக்காரர்கள் பொறுமைசாலிகள், ஆனாலும் அந்தப் பொறுமையை ரொம்பச் சோதிக்கக்கூடாது என்று அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன். சத்தம் குறைந்தது. கூடவே, இடது அம்பில் குதித்தால் வலது அம்பும் சேர்ந்து விழ ஆரம்பித்தது. மெத்தென்ற தரையில் அடிப்பலகை வளைந்து உணரிகளை நசுக்குகிறது. அடிப்பலகைக்கும் விரிப்புக்கும் நடுவில் இன்னொரு பிளைவுட் பலகையைக் கொடுத்து இரண்டையும் சேர்த்து முடுக்கியதும் நின்றது. இப்போது பேடைத் தனியாளாகத் தூக்க முடியாது.

இந்த வாரம் முன் அம்பின் காலி எண் 140லிருந்து மெல்ல ஏறி 190க்கு வந்திருக்கிறது. நாலு உணரிகளில் ஏதோ ஒன்று நசுங்கிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கத்து ஸ்குரூ இறுகியிருக்க வேண்டும். நாலையும் ஒன்றாக இணைத்துவிட்டதால் எது என்று இங்கிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. எட்டு ஸ்குரூ கழற்ற வேண்டும். "250 ஆகட்டும், அப்புறம் கழட்டலாம்" என்கிறான் தம்பி. அவனுக்கு இன்றைக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது.