தண்ணி யார் கையிலயோ

தேவிபட்டினம் பக்கம் கோடையில ஊரணி வத்துச்சுன்னா தண்ணி லாரிய விடுறவர் பேச்சுதான் எடுபடும், கேள்வி கேக்க வாயே வராது. மத்திய அமெரிக்காவுல அந்தக் காலத்துல வாழ்ந்த மாயா மக்கள் நெனப்பு அப்பதான் வரும். குவாத்தமாலா காட்டுக்குள்ள இருக்குற அவங்க பழைய நகரம் டிக்கால்ல ஆறே கிடையாது, மழைத்தண்ணிய பெரிய பெரிய குளமா தேக்கி வச்சது ராஜாங்க, அதுக்கு பதிலா சனங்க உழைப்பையும் மக்காச்சோளத்தையும் குடுத்து அடங்கிக் கிடந்தாங்கன்னு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க. அவங்கள கோழைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, புள்ளைக்கு தாகம்னா யாரும் போய் நிப்போம். ஆனா சாவிய மொத்தமா ஒருத்தர்ட்ட குடுக்கக்கூடாது, ஊரணி ஊர் கையிலதான் இருக்கணும். டிக்கால்ல 9ஆம் நூற்றாண்டுல வறட்சி மேல வறட்சி, அரண்மனைக் குளத்துலயே பாதரசமும் விஷப்பாசியும் இருந்ததா 2020ல கண்டுபிடிச்சாங்க. கி.பி. 869க்கு அப்புறம் அங்க ராஜாங்க தேதி போட்டு நட்ட கல்வெட்டே இல்ல, சனங்க கொஞ்சங்கொஞ்சமா ஊர விட்டே கெளம்பிட்டாங்க.