தராசு என் கைக்கு வந்த மாசம்

மார்ச் 4
இன்னிக்கு நானே விரல்ல குத்தி, லேபுக்கு அனுப்புற ரத்தப் பரிசோதனை கார்டுல இருக்கிற வட்டம் எல்லாத்தையும் ரத்தத்தால நனைச்சேன், அம்மா பக்கத்துலயே நின்னாங்க ஆனா கை வைக்கல. 17 ஆச்சு, இனிமே சாப்பாட்டை எடை போடுற தராசும் புரதக் கணக்கும் உன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இருக்கிறது பிகேயூ (ஃபீனைல்கீட்டோனூரியா), பிறவியிலேயே வர்ற நோய். புரதத்துல இருக்கிற ஃபீனைல்அலனினை டைரோசினா மாத்துற என்சைம் என் கல்லீரல்ல வேலை செய்யாது, அது ரத்தத்துல ஏறி மூளையைக் கெடுக்கும். அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் பழுதான ஜீன் ஒண்ணொண்ணு இருந்துச்சு, நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, எனக்கு வந்துச்சு, தம்பிக்கு வரல.

மார்ச் 7
எனக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலயே அவ்வளவும் முடிஞ்சிரும். தம்பி நின்னுக்கிட்டே ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டுப் போறான், நான் சோத்தை எடை போட்டுக்கிட்டு இருக்கேன். மிச்சப் புரதத்துக்கு மூணு வேளை ஃபார்முலா, அதாவது ஃபீனைல்அலனின் இல்லாத புரத பானம். அந்த வாடை எனக்குப் பழகிருச்சு, பக்கத்துல உக்கார்றவங்களுக்குத்தான் பழகல.

மார்ச் 10
காய்ச்சல். சாப்பிடலன்னா நல்லதுதானேன்னு ஃப்ரெண்ட் கேட்டா. இல்லடி, பட்டினி கிடந்தா உடம்பு தன் தசையையே கரைக்கும், அதுலயும் ஃபீனைல்அலனின் இருக்கு. ரெண்டு வேளை ஃபார்முலா குடிக்க முடியல.

மார்ச் 16
ரிசல்ட் வந்துச்சு, ரத்தத்துல ஃபீனைல்அலனின் 610. எனக்கு சொல்லியிருக்கிற எல்லை 120லேர்ந்து 360. ஒரே பக்கத்தை மூணு தடவ படிச்சும் மண்டையில ஏறாம இருந்தது இதனாலதான் போல. ரொம்ப அழுதேன். அம்மா திட்டல, பிறந்த வாரத்துல குதிகால்ல குத்தி எடுத்த முதல் ரிசல்ட்டுலேர்ந்து எழுதி வெச்ச நோட்டுகளை எடுத்துக் காட்டினாங்க, அதுலயும் எத்தனையோ 600, 700 இருக்கு. 1934ல நார்வேல ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைகளுக்கும் என்ன ஆச்சுன்னு விடாம கேட்டு அலைஞ்சதாலதான் ஃபாலிங்குங்கிற டாக்டர் இந்த நோயையே கண்டுபிடிச்சார். அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்த அப்போ வழி இல்ல, உணவு முறை வந்ததே 1950கள்லதான். அந்த அம்மாவை நினைச்சா இன்னிக்கு வரைக்கும் தொண்டை அடைக்குது.

மார்ச் 25
345! அம்மாகிட்ட கத்தி சொன்னேன். ராத்திரி ஃபார்முலா குடிச்சிட்டியான்னு கேட்டுட்டு, குடிச்சிட்டேன்னு சொன்னப்புறமும் டம்ளரை எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும்.