பெர்லினில் கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்றால்

பெர்லின் போகிறவர் வீகன், அதாவது இறைச்சி, முட்டை, பால், தேன் எதையும் தொடாதவர் என்று தெரிந்தால் போதும், "அங்கேயா, கவலையே படாதீங்க" என்பார்கள். வீகன் மட்டும் என்றால் அது சரிதான். நடந்துபோகும் தூரத்தில் நாலு வீகன் பலகை கண்ணில் படும். கூடவே சீலியாக் நோயும் இருந்து, கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் துளிகூட ஆகாது என்றால், அந்தப் பலகைகளில் பாதிக்குமேல் நமக்கு இல்லை என்று ஆகிவிடும்.

காரணம் சைட்டன். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தை எல்லாம் வெளியேற்றினால் கையில் ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் சைட்டன், கிட்டத்தட்ட முழுக்க முழுக்க குளூட்டன். வீகன் டோனர் கபாபில் கம்பியில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். வீகன் கறிவுர்ஸ்ட் என்ற சாஸேஜிலும் பல இடங்களில் இதுவே. ஷ்னிட்சல் என்ற பொரித்த துண்டின் வீகன் வகைக்கு மேலே ரொட்டித் தூள் வேறு. "வீகன்" என்ற பலகையைப் பார்த்ததும் ஆசையாக உள்ளே நுழைவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

எதிர்ப்பக்கத்தில் வேறு தொல்லை. குளூட்டன் இல்லாத மாவு ஒட்டிப் பிடிக்காது, உதிரும். அதைச் சேர்த்துக் கட்ட முட்டை வெள்ளைக்கரு, பால் பொடி என்று எதையாவது போடுகிறார்கள். அதனால் குளூட்டன் இல்லாத ரொட்டி, கேக், பாஸ்தா பலவற்றில் முட்டையோ பாலோ இருக்கும். இரண்டு விதிக்கும் ஒரே சமயத்தில் பொருந்துவது ஒரு சின்ன வட்டம்தான். அந்த வட்டத்துக்குள் சாப்பிட வழி இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. பலகையை நம்பாமல் பொருளைப் பார்க்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

விமானம், கடை, உணவகம் என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஃபலாஃபெலைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

நொய்கோல்ன் பகுதியில் ஸொன்னன்அலே என்று ஒரு நீளமான சாலை. சிரியா, லெபனான், பாலஸ்தீனச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். கொண்டைக்கடலையை ஊறவைத்து, கொத்தமல்லி, பூண்டு, சீரகம் சேர்த்து அரைத்துப் பொரித்ததுதான் ஃபலாஃபெல், அதில் குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை. சூடாக எடுத்துப் பிட்டால் உள்ளே பச்சைப் பசேல் என்று இருக்கும். நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். ஆனால் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, உருண்டை உடையாமலிருக்கச் சில கடைகளில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். இரண்டாவது எண்ணெய். அதே சட்டியில் ஹலூமி பாலாடைக்கட்டியோ மாவில் தோய்த்த காய்கறியோ பொரிந்தால் கதை முடிந்தது. மூன்றாவது இடுக்கி. ரொட்டியைப் புரட்டிய இடுக்கியாலேயே ஃபலாஃபெலை எடுத்து வைப்பார்கள்.

அதனால் வரிசையில் நிற்கும்போதே எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். எத்தனை சட்டி, எதில் என்ன விழுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபலாஃபெலுக்கென்றே தனிச் சட்டி இருந்தால் "ஃபலாஃபெல் டெல்லர், ஓனெ ப்ரோட்" என்று கேளுங்கள். டெல்லர் என்றால் தட்டு, ஓனெ ப்ரோட் என்றால் ரொட்டி இல்லாமல். ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், சாலட், ஊறுகாய் டர்னிப் எல்லாம் சேர்ந்து வரும், ஒரு வேளைக்குத் தாராளம். தபூலே சாலட் மட்டும் வேண்டாம், அதில் புல்குர் கோதுமை. சாஸ் கேட்கும்போது எள் சாஸ், அதாவது "ஸேஸாம்" என்று சொல்லுங்கள். பூண்டு சாஸும் மூலிகை சாஸும் பெரும்பாலும் தயிரில் செய்தவை. உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் ஆகும் செலவோடு பார்த்தால் இது ஏறக்குறைய பாதிதான். கையைக் கடிக்காமல் வயிறு நிறைய வேண்டும் என்றால் பெர்லினில் இதற்கு ஈடு கிடையாது.

வியட்நாம் கடைகளும் அப்படித்தான் மனத்தை இழுக்கும். 1980-களில் கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக நிறைய வியட்நாமியர் வந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஊர் முழுக்க அவர்கள் கடை. அரிசி நூடுல்ஸ், அரிசித்தாள் சுருள், டோஃபு, புதினா என்று பார்க்கும்போது எல்லாம் நமக்காகவே செய்ததுபோல் இருக்கும். வில்லங்கம் சாஸில்தான். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. ஹொய்சின் சாஸிலும் பெரும்பாலும் உண்டு, சுருளோடு தரும் வேர்க்கடலைச் சாஸில் அந்த ஹொய்சின் கலந்திருக்கும். மீன் சாஸ் வீகனுக்கு ஆகாது. பொரித்த டோஃபுவுக்குத் திரும்பவும் அதே எண்ணெய்க் கேள்வி. பொரிக்காத டோஃபு வைத்த அரிசித்தாள் சுருளை வாங்கி, சாஸுக்குப் பதில் எலுமிச்சை, உப்பு, மிளகாய் கேளுங்கள். கோதுமை சேராத தமாரி என்ற சோயா சாஸ் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்கானிக் கடைகளில் கிடைக்கும்.

தோசை இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மாவில் குறை ஒன்றுமில்லை, அரிசியும் உளுந்தும்தான். குளூட்டன் ஒளிந்திருப்பது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியே இருக்கும். சாம்பார், ரசம், சட்னித் தாளிப்பு, இட்லிப் பொடி எல்லாவற்றிலும் அது போய்விடும். பரிமாறுகிறவரிடம் கேட்டால் "கோதுமையே இல்லைங்க" என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார், பெருங்காயம் அவர் நினைவில் வராது. நேரடியாகக் கேளுங்கள்: "பெருங்காயம் போட்டிருக்கா? டப்பாவைக் காட்ட முடியுமா?" ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே நமக்கும் ஊற்றுவார்கள். வடை பொரித்த எண்ணெயில்தான் பூரியும் சமோசாவும் பொரிந்திருக்கும். தோசைமேல் நெய் தடவுவதும், சட்னியில் தயிர் சேர்ப்பதும் உண்டு. ஆவியில் வெந்த இட்லியும், தாளிக்காத, தயிர் சேராத தேங்காய்ச் சட்னியும்தான் ஓரளவு பயமில்லாதவை.

எத்தியோப்பியக் கடையில் இஞ்செராவைப் பார்த்தால் தோசை ஞாபகம் வரும். அதைச் செய்யும் டெஃப் என்ற தானியத்தில் குளூட்டன் இல்லை, ஆனால் ஐரோப்பாவில் அதோடு கோதுமை மாவு கலப்பது சகஜம். முழுக்க டெஃப்தானா என்று கேட்காமல் தொடாதீர்கள்.

உணவகத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர் தகவல் தந்தாக வேண்டும். குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. மெனுவில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏ, சி, ஜி என்று போட்டிருப்பது இதற்குத்தான். ஒரு கடையின் ஏ எழுத்தே இன்னொரு கடையிலும் குளூட்டன் என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்தைக் கடைக்காரர்தான் முடிவு செய்கிறார், சில இடங்களில் எண் போடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் விளக்கம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள். மெனுவில் இல்லையென்றால் "அலெர்கேன்கார்டெ" கேளுங்கள், தனிக் கோப்பு கொண்டு வருவார்கள். அது சமையல் பொருளைத்தான் சொல்லும், ஒரே எண்ணெய், ஒரே கரண்டி விவகாரத்தைச் சொல்லாது. அதற்கு வாய்தான் வழி: "இஷ் ஹாபெ ட்ஸொலியாகீ உண்ட் எஸ்ஸெ வேகான்." எனக்கு சீலியாக், நான் வீகன் என்று அர்த்தம். வெறுமனே "க்ளூட்டன்ஃப்ரை", அதாவது குளூட்டன் இல்லாதது, வேண்டும் என்றால் உடம்பைக் குறைக்கிறார் போல என்று எடுத்துக்கொள்வார்கள். ட்ஸொலியாகீ என்றதும் முகம் மாறி, சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள்.

ஜெர்மன் சாப்பாட்டில் நமக்கு மிஞ்சுவது உருளைக்கிழங்கு. தோலோடு வேகவைத்த பெல்கார்டோஃபெல்ன் என்றால் தயிர்க்கட்டியை விலக்கிவிட்டு ஆளிவிதை எண்ணெய் மட்டும் ஊற்றித் தரச் சொல்லுங்கள், அருமையாக இருக்கும். வறுத்த கிழங்கில் பன்றிக் கொழுப்பு சேரும், கிழங்கு அடையில் முட்டையும் மாவும் சேரும்.

இனி கடை. காசு மிச்சமாவதும் மனசு நிம்மதியாவதும் இங்கேதான். டிஎம், ரொஸ்மன் இரண்டும் சோப்பு, ஷாம்பு விற்கும் கடைகள் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். குளூட்டன் இல்லாத ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட்டுக்கு அங்கே தனி அலமாரியே இருக்கும், சூப்பர்மார்க்கெட்டைவிட விலையும் பெரும்பாலும் குறைவு. குறைவு என்றாலும் சாதாரண ரொட்டியோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மடங்கு வரும், அளவும் சின்னது.

பொட்டலத்தைத் திருப்பினால் பொருள் பட்டியலில் சில சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும். ஒவ்வாமைப் பொருள்களை அப்படி வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பது சட்டம். கண் முதலில் அங்கே போகட்டும். வைட்சன் கோதுமை, ரோகன் ரை, கெர்ஸ்டெ பார்லி. ரையைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்க்கிறார்கள், அது பெரிய தப்பு. நம் கம்பில் குளூட்டன் கிடையாது, ரையில் உண்டு. டிங்கல் என்பது கோதுமையின் பழைய ரகம். உடம்புக்கு நல்லது என்று எடுத்து நீட்டுவார்கள், நமக்கு அதுவும் கோதுமையேதான். பூஹ்வைட்சன் என்ற பெயரில் வைட்சன் இருந்தாலும் அது கோதுமை வகையே இல்லை, குளூட்டன் இல்லாதது என்று முத்திரை போட்டதைத் தாராளமாக வாங்கலாம். மில்ஹ் பால், ஸானெ க்ரீம், மோல்கெ பாலைத் திரித்தபின் மிஞ்சும் நீர், ஹோனிக் தேன். முட்டைகளுக்கு ஜெர்மனில் உச்சரிப்பு நம் "ஐயா"வேதான், ஒரு தடவை கேட்டால் மறக்காது. லாக்டோஸ்ஃப்ரை என்று கொட்டை எழுத்தில் இருந்தால் வீகன் என்று எடுத்து வந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை உடைத்த பசும்பால்தான்.

ரொட்டியில் ஒரு சுருக்கு வழி. பட்டியலில் ஃப்ளோஸாமென்ஷாலன் இருக்கிறதா என்று பாருங்கள். நம் இசப்கோல் உமிதான் அது. மாவைக் கட்ட அதைப் போட்டிருந்தால் முட்டைக்குத் தேவை குறைவு, வீகனாக இருக்க வாய்ப்பு அதிகம். கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட குளூட்டன் இல்லா முத்திரையும், "vegan" என்று எழுதிய மஞ்சள் வி முத்திரையும் (அதிலேயே "vegetarisch" என்றிருந்தால் அது வீகன் இல்லை) ஒரே பொட்டலத்தில் சேர்ந்திருந்தால் யோசிக்காமல் கூடையில் போடலாம். குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

காபிக் கடையில் வீகன் பால் என்றால் கேட்காமலே ஓட்ஸ் பாலை ஊற்றிவிடுவார்கள். ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலப்பதால், முத்திரை இல்லாத ஓட்ஸ் பால் சீலியாக்காரருக்கு ஆகாது. "ஸோயா" அல்லது "மாண்டல்", அதாவது பாதாம், என்று நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பால் நுரைக்கும் குழாய் பசும்பாலிலும் ஓட்ஸ் பாலிலும் முக்கி எடுத்ததுதான். ஆகவே கடுங்காபி உத்தமம்.

ஹோட்டல் காலை உணவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தால் கட்டாதீர்கள். டோஸ்டரில் எல்லார் ரொட்டித் துகளும் கிடக்கும், ஜாம் கிண்ணத்திலும் கிடக்கும். அதற்கு 15 யூரோ கொடுத்துக் கடைசியில் ஆரஞ்சும் கருப்புக் காபியும் சாப்பிடுவது வயிற்றெரிச்சல். அறையில் கெட்டில் இருந்தால் ஊரிலிருந்து கொண்டுபோன அவல் போதும். மெல்லிசு அவல் 100 கிராமுக்கு வெந்நீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைத்து, பெருங்காயம் சேராத வீட்டுப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் மத்தியானம் வரை தாங்கும். அவல், பொடி, அரிசி சேமியா போன்ற உலர்ந்த சாமான்களுக்குச் சுங்கத்தில் சிக்கல் இல்லை. நெய், பால் பொடி, இறைச்சிக்குத்தான் தடை, அவை நமக்கு எப்படியும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையை இப்போதே சொல்லிவிடுகிறேன், கிட்டத்தட்ட எல்லாச் சூப்பர்மார்க்கெட்டும் அன்று மூடியிருக்கும். ஹௌப்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும், அங்கே கூட்டம் நெரியும். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாளுக்கு வாங்கி வைத்துவிடுங்கள். செவ்வாயோ வெள்ளியோ அங்கே இருந்தால் மைபாஹ்உஃபர் கால்வாய்க் கரையில் துருக்கியர் சந்தை கூடும். ஆலிவ், பழம், கொட்டைகள் எல்லாம் குவிந்திருக்கும், சந்தை கலையும் நேரத்தில் பழத்தைக் கூடையோடு மலிவாகத் தள்ளுவார்கள்.

முதலில் சொல்லியிருக்க வேண்டிய விமானம் கடைசிக்கு வந்துவிட்டது. சிறப்பு உணவில் ஒருவருக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடுவார்கள். குளூட்டன் இல்லாத தட்டில் கோழி இருக்கும், வீகன் தட்டில் கோதுமை ரொட்டி இருக்கும். இரண்டுக்கும் பொருந்துவது பெரும்பாலும் பழத் தட்டுதான். அதைப் பதிவு செய்யுங்கள், பெரும்பாலும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பழம் மட்டும் நீண்ட பயணத்துக்குக் காணாது, வறுத்த வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் கைப்பையில் இருக்கட்டும்.