விக்ஸ்பர்க் 1863: ஒரு மைலுக்கு ஒரு சென்டிமீட்டர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த தெற்குத் தரப்பின் விக்ஸ்பர்க் நகரைப் பிடிப்பதற்காக வடக்குத் தரப்பின் ஜெனரல் கிராண்ட் 1863 ஏப்ரல், மே மாதங்களில் நடத்திய படை நகர்வுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். படிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பேன். நகருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து இறங்கிய படை, வடக்கே இருந்த நகரை நோக்கி நேராகப் போகாமல் ஏன் வடகிழக்கே திரும்பியது? எழுத்தில் விளங்காததைக் கையால் செய்து பார்த்துவிடுவோம் என்று, சென்ற மாதம் அந்த நிலப்பரப்பின் மாதிரியைத் தொடங்கினேன்.

அடித்தளம் 70 சென்டிமீட்டர் சதுரத் தெர்மாகோல். ஒரு மைலுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில், விக்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஜாக்சன் நகர் வரை ஓடிய ரயில் பாதைக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நூல் தேவைப்பட்டது. உயரத்தில்தான் சிக்கல் வந்தது. ஆற்றை ஒட்டி 200 அடி எழும் மண்மேடு இந்த அளவில் அரை மில்லிமீட்டர்கூட வராது. மேலே ஒட்டும் அட்டையே அதைவிடத் தடிமன். ஆகவே உயரத்தை மட்டும் 30 மடங்காக்கி, அட்டைகளை அடுக்கி, மேலே காகிதக் கூழைப் பூசினேன்.

ஆற்றை வரைந்ததில் பெரிய தவறு செய்துவிட்டேன். இன்றைய வரைபடத்தைப் பார்த்து நீல வண்ணம் தீட்டி முடித்த பிறகுதான், நகருக்கு எதிரே இருந்திருக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவு அங்கே இல்லை என்பதைக் கவனித்தேன். மிசிசிப்பி 1876-ஆம் ஆண்டில் அந்த வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு வேறு வழியே போய்விட்டது. அந்த வளைவு இல்லாவிட்டால் ஏப்ரல் 16 இரவின் அபாயமே புரியாது: கிராண்டின் படையைத் தெற்கே ஆற்றைக் கடத்துவதற்காக நகரைத் தாண்டிச் சென்ற, வடக்குத் தரப்பு அட்மிரல் போர்ட்டரின் கப்பல்கள் மேட்டின் மீதிருந்த பீரங்கிகளுக்குக் கீழேயே திரும்பியாக வேண்டியிருந்தது. ஆயினும் ஹென்றி கிளே என்ற ஒரு போக்குவரத்துக் கப்பல் மட்டுமே எரிந்து போனது. பூசியதைச் சுரண்டி எடுத்து, ஆற்றை மறுபடி வரைய இரண்டு மாலைகள் ஆயின.

ஒரு டிவிஷனுக்கு (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) ஒரு குண்டூசி என்று வைத்துக்கொண்டு நாள்வாரியாக நகர்த்தினேன். தெற்குத் தரப்பின் தளபதி பெம்பர்டனாக அக்காவின் மகனை உட்கார வைத்தேன். அவர் அறிந்திருக்கக்கூடிய செய்தியை மட்டும் அவனுக்குச் சொல்லி, மற்ற குண்டூசிகளைத் துணியால் மூடினேன். ஏப்ரல் 17-இல் டென்னசியிலிருந்து 1,700 குதிரை வீரர்களோடு புறப்பட்ட வடக்குத் தரப்புத் தளபதி கிரையர்சன், ஜாக்சனுக்குக் கிழக்கே நியூட்டன் ஸ்டேஷனில் ரயில் பாதையை உடைத்துவிட்டு, மே 2-இல் பேட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்தார். அவர் சென்ற வழி பலகைக்குள் அடங்காமல் மேசை மேல் ஓடியது. அந்த நாள்களின் கடைசியில் கிராண்டின் துணைத் தளபதிகளில் ஒருவரான ஷெர்மன் விக்ஸ்பர்க்குக்கு வடக்கே தாக்கப்போவதுபோலப் பாசாங்கு செய்தார். "மாமா, எந்தப் பக்கம் வர்றாங்கன்னே தெரியலையே" என்று அவன் படைகளைப் பிரித்துப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஏப்ரல் 30 அன்று புரூயின்ஸ்பர்க் கரையில் துணியை விலக்கியபோது, எதிர்க்க அவனிடம் அங்கே ஒரு குண்டூசிகூட இல்லை. அந்தக் கரையிலிருந்து உள்ளே நல்ல பாதை போகிறது என்று கிராண்டுக்குச் சொன்னவர் ஒரு கறுப்பினத்தவர். அவருடைய பெயரை யாரும் எழுதி வைக்காதது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

பிறகு என் பழைய கேள்விக்கு வந்தேன். முதலில் படையை நேராக வடக்கே செலுத்திப் பார்த்தேன். இடையில் ஓடும் பிக் பிளாக் ஆற்றின் துறைகளை அவன் அடைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ரயில் பாதை முழுசாக இருந்தது. மறுமுறை வரலாற்றின்படி வடகிழக்கே நகர்த்தியபோது, அதே ஆறு என் இடப்பக்கத்தைக் காக்கும் அரணாக மாறியது. இலக்கு நகரம் அல்ல, அதற்கு உயிரூட்டிய அந்த 40 சென்டிமீட்டர் நூல்தான் என்பதும் பலகையில் பளிச்சென்று தெரிந்தது. மே 12-இல் ரேமண்டில் நடந்த சண்டைக்குப் பின் கிராண்ட் ஜாக்சனை நோக்கித் திரும்பி, மே 14-இல் அதைப் பிடித்து, உடனே மேற்கே திரும்பினார்.

இங்கே இன்னொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. கிராண்ட் சப்ளையை அறவே துறந்துவிட்டுப் போனார் என்று நம்பி, ஆற்றங்கரையில் அவருடைய சப்ளைத் தளமாக இருந்த கிராண்ட் கல்ஃபிலிருந்து வந்த சிவப்பு நூலை முதலிலேயே அறுத்திருந்தேன். உண்மையில் இறைச்சியும் தானியமும் வழியில் இருந்த பண்ணைகளிலிருந்து கிடைத்தாலும், தோட்டாவும் காபியும் உப்பும் ரொட்டியும் வண்டிகளில் வந்துகொண்டிருந்தன. கிராண்டின் படையைச் சேர்ந்த பிளேரின் டிவிஷன் அப்படியொரு வண்டித்தொடரைக் காத்துக்கொண்டு பின்னால் வந்தது. நிலையாகக் காவல் வைத்த பாதை இல்லை, அவ்வளவுதான். அந்த இல்லாத பாதையை வெட்டுவதற்காகத்தான் பெம்பர்டன், தம்மோடு வந்து சேரும்படி தெற்குத் தரப்பின் மேல்தளபதி ஜான்ஸ்டன் விடுத்த கட்டளையை ஒதுக்கிவிட்டு, மே 15-இல் தென்கிழக்கே நகர்ந்தார். நூலை விட்டு விட்டுத் தொங்கும் துண்டுகளாக மறுபடி ஒட்டினேன்.

மே 16, சாம்பியன் ஹில்லில் குண்டூசிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிட்டன. 30,000 பேருக்கு மேற்பட்ட ஒரு படையும் அதைவிடச் சிறிய மற்றொன்றும் மோதிய களம் அது, இந்த அளவில் நான்கைந்து சென்டிமீட்டர்தான். அதற்காக மைலுக்கு 10 சென்டிமீட்டர் என்று தனிப் பலகை வெட்டி, குன்றின் இரண்டு அடுக்குகளை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். பேக்கர்ஸ் கிரீக் ஓடைக்கு இன்னும் நீலம் தீட்டவில்லை.